காத்திருப்போர் பதிவேடு

சென்ற ஆண்டு அம்மா பிறந்த வீட்டை விற்பதற்காகக் காலி செய்தோம். பரணில் பித்தளைப் பாத்திரங்களுக்கும் பழைய பஞ்சாங்கங்களுக்கும் இடையில் ஒரு கோப்பு கிடைத்தது. மேலட்டையில் 'மோட்டார் கார்' என்று தாத்தாவின் கையெழுத்து. தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, சங்கரன்கோயிலுக்கு அருகில் ஒரு சிற்றூரில் டாக்டராக இருந்தவர். கோப்பில் 31 கடிதங்கள். பாதிக்கு மேல் அவர் எழுதியவற்றின் கார்பன் நகல்கள். மீதி மதுரையிலிருந்த ஒரு கார் விற்பனை நிலையத்திலிருந்து வந்த பதில்கள். அடியில் ஒரு தபால் நிலையச் சேமிப்புக் கணக்குப் புத்தகம். முதல் கடிதத்தின் தேதி 1965 பிப்ரவரி. கடைசிக் கடிதம் 1972 நவம்பர். ஒரு கார் வாங்குவதற்கு என் தாத்தாவுக்குப் பிடித்த காலம் இது.

கடிதங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அக்கால வணிகக் கடிதங்கள் அப்படித்தான். ஆனால் அவற்றை வரிசையாகப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது தொல்காப்பியம். சொல்லதிகாரத்தின் எச்சவியலில் ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களையும் ஆசிரியர் பிரித்துக் காட்டுகிறார். மூன்றும் ஒரு பொருளைக் கேட்கும் சொற்களே. கேட்பவன் தாழ்ந்தவனானால் 'ஈ' என்பான். ஒத்தவனானால் 'தா' என்பான். உயர்ந்தவனானால் 'கொடு' என்பான். வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் பாடம். இருபது ஆண்டுகளாக நடத்தியும், ஒரே மனிதன் ஒரே பொருளைக் கேட்கையில் ஏழே ஆண்டுகளில் 'கொடு'விலிருந்து 'ஈ' வரை இறங்கி வர முடியும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. தாத்தாவின் முதல் கடிதம் இரண்டே வரிகள்: பெயரைப் பதிந்துகொண்டு எண்ணைத் தெரிவிக்கவும், அவ்வளவுதான். 1968இல் 'தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்' என்று வருகிறது. 1971இல் 'தங்கள் கருணையை எதிர்நோக்கி' என்று முடிகிறது. கையில் பணம் வைத்துக்கொண்டு கடைக்குப் போன ஒருவர் எழுதியவை இவை.

இந்த இறக்கத்துக்குத் தாத்தாவின் குணமோ, மதுரைக் கடைக்காரரின் குணமோ மட்டும் காரணமில்லை. அதற்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு இருக்கிறது.

சுதந்திரத்துக்கு முன்பு இந்தியாவில் கார் வாங்கியவர்கள் மிகச் சிலர். ஜமீன்தார்கள், வெள்ளைக்கார அதிகாரிகள், பெரிய வக்கீல்கள். அவர்களுக்குக் கார்கள் தட்டுப்பாடின்றிக் கிடைத்தன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் பாகங்களை இறக்குமதி செய்து கார்களைப் பூட்டி விற்றது. ஃபோர்டும் வந்திருந்தது. சென்னையில் மவுண்ட் ரோடுதான் மோட்டார் வீதி. சிம்சன், அடிசன் போன்ற நிறுவனங்கள் அங்கே கடை விரித்திருந்தன. விற்பவர் பலராகவும் வாங்குபவர் சிலராகவும் இருந்த காலம். அங்கே வாங்குபவர் 'கொடு' என்றார். கடைக்காரர் பணிந்து பேசினார்.

1951இல் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. 1953இல் சுங்கவரி ஆணையம் மோட்டார் தொழிலை ஆராய்ந்து, இந்தியாவிலேயே படிப்படியாகப் பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உடைய நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் உண்டு என்று பரிந்துரைத்தது. வெறுமனே பாகங்களைப் பூட்டி விற்றுவந்த வெளிநாட்டுக் கம்பெனிகள் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடையைக் கட்டின. கார் என்ற வகையில் மிஞ்சியவை மூன்று. கல்கத்தாவுக்கருகில் உத்தர்பாராவில் பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாய் குர்லாவில் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். என் அம்மா தலைமுறையின் சிறுவர்கள் விரல்விட்டு எண்ணிய மூன்று பெயர்கள் இவைதாம். (ஹெரால்டின் உடலமைப்பை வரைந்தவர் மிக்கேலோத்தி என்னும் இத்தாலியர். அந்த இத்தாலிய அழகு 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கியது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் ஒரு சிறு மகிழ்ச்சி.)

இதைத் திட்டமிட்டவர்களை எள்ளி நகையாடுவது இப்போது எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. 1957-58இல் நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. எஃகு எதற்கு, டயர் எதற்கு என்று கணக்குப் பார்க்க வேண்டிய நிலையில், பேருந்துக்கும் லாரிக்கும் முதலிடம், காருக்குக் கடைசி இடம் என்று முடிவெடுத்தது நியாயமற்றதன்று. எண்ணூரில் அசோக் லேலண்ட் செய்த பேருந்துகளில்தான் என் அப்பா பள்ளிக்குப் போனார். ஆனால் கார் குறைவாக இருக்கட்டும் என்று முடிவு செய்வது ஒன்று. அந்தக் குறைவை யார் யாருக்குப் பங்கிடுவது, எவ்வாறு பங்கிடுவது என்பது வேறொன்று. முதலாவதில் பொருளாதாரம் இருந்தது. இரண்டாவதில் இருந்தது கச்சேரி வாசல்.

1959இல் மோட்டார் கார் வினியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அடுத்த ஆண்டே ஸ்கூட்டருக்கும் அத்தகைய ஆணை. கார் வேண்டுவோர் விற்பனையாளரிடம் பெயர் பதிய வேண்டும். முன்பணத்தைத் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் செலுத்தி, அந்தக் கணக்கை ஈடாக வைக்க வேண்டும். போலிப் பெயர்களில் பதிவு செய்வதைத் தடுக்க இந்த ஏற்பாடு. விற்பனையாளர் பதிவேட்டு வரிசைப்படிதான் வண்டி தர வேண்டும். வாங்கியவர் குறிப்பிட்ட காலம் முடியும்வரை அனுமதியின்றி அதை விற்கக் கூடாது. எழுத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஆணை. ரேஷன் கடையின் நேர்மை அதில் இருக்கிறது.

ஆனால் வரிசைக்கு வெளியே இன்னொரு வாசலும் இருந்தது. மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் தனி ஒதுக்கீடு. அதிகாரிகளுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் முன்னுரிமை. ஒதுக்கீட்டில் வந்தவர் ஒவ்வொருவரும் வரிசையில் நின்றவரை ஓர் அடி பின்னுக்குத் தள்ளினார். வரிசை நகர்கிறதா என்பதே நிற்பவருக்குத் தெரியாது. தாத்தாவின் பதிவு எண் நானூற்றுச் சொச்சம். 1967இல் அவர் எழுதிக் கேட்டபோது, தற்போது இருநூற்றுப் பத்தாம் எண்ணுக்கு வழங்கப்படுகிறது என்று பதில் வந்தது. ஓராண்டு கழித்துக் கேட்டபோது இருநூற்று முப்பது. தாத்தா அந்தக் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டிருக்கிறார். விடையை எழுதவில்லை. அவருக்கு அப்போது வயது 46.

பழைய கார் வாங்கியிருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. அம்மா சிரித்தாள். "புதுக் காரை விடப் பழைய கார்தானே அப்ப விலை ஜாஸ்தி" என்றாள். அதுவும் உண்மை. புதுக் காருக்கு அரசு விலை; பழைய காருக்குச் சந்தை விலை. காத்திருக்க வேண்டாம் என்ற சலுகைக்கே பணம். வரிசையில் ஏழாண்டு நின்று வாங்கிய காரைச் சிறிது காலம் ஓட்டிவிட்டு, வாங்கியதற்கு மேல் விற்று, மறுபடியும் பெயர் பதிந்துகொண்டவர்கள் உண்டு. என் தாத்தாவுக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை, அந்த அதிக விலைக்கான பணமும் இல்லை.

1969 ஜூலையில் எழுதிய ஒரு கடிதத்தை இங்கே குறிப்பிட வேண்டும். மற்றவற்றை விட நீளமானது. எட்டு மைல் தொலைவிலிருந்த ஒரு கிராமத்தில் பிரசவம். இரவு பதினோரு மணிக்கு ஆள் வந்திருக்கிறார்கள். தாத்தா வில்வண்டியில் புறப்பட்டிருக்கிறார். இடையில் ஓடையில் தண்ணீர்; சுற்றிப் போக வேண்டியதாயிற்று. போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இதை எந்த அலங்காரமும் இல்லாமல், நோயாளிக் குறிப்பு எழுதுவதுபோல் எழுதிவிட்டு, தொழிலின் தன்மையைக் கருதித் தம் முறையை விரைவுபடுத்த இயலுமா என்று கேட்டிருக்கிறார். கார் இருந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள் என்று அவர் எழுதவில்லை. நானும் எழுத மாட்டேன். வந்த பதில் ஓர் அச்சிட்ட அட்டை. 'தங்கள் கடிதம் கிடைத்தது, கவனத்தில் கொள்ளப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி. தேதி மட்டும் மையால் நிரப்பப்பட்டிருக்கிறது. மாநில அரசின் ஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறார். அதற்குப் பதில் எதுவும் கோப்பில் இல்லை.

காத்திருந்து பெற்ற பொருளாவது நன்றாக இருந்ததா? வாங்கியவர்களின் புலம்பல் டெல்லி வரை கேட்டது. 1967இல் கார்களின் தரத்தை விசாரிக்கவே மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அம்பாசடரில் ஹாரனைத் தவிர மற்றெல்லாம் சத்தம் போடும் என்ற பழைய வேடிக்கையைக் கேளாதவர் இருக்க மாட்டார்கள். வேடிக்கை எப்போதுமே புகார் செய்ய இடமில்லாதவர்களின் புகார். 1969 செப்டம்பரில் அரசு மூன்று கார்களுக்கும் விலை நிர்ணயம் செய்தது. ஏறத்தாழ 15,000 ரூபாயை ஒட்டிய விலைகள். கட்டுப்படியாகாது என்று தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 1971இல் தீர்ப்பு வந்தது. ஒரு காரில் எத்தனை மனித உழைப்பு, எவ்வளவு தேய்மானம், முதலீட்டுக்கு எவ்வளவு ஆதாயம் என்பதையெல்லாம் நாட்டின் உச்ச நீதிமன்றம் உட்கார்ந்து கணக்கிட்டது. அந்தக் கணக்கில் வாங்குபவரின் காத்திருப்புக்கு ஒரு பத்தியும் இல்லை. கட்டும் விலையில் அது சேர்த்தியில்லை போலும்.

தாத்தாவின் கார் 1972 அக்டோபரில் வந்தது. மூன்றில் எது என்று எழுதப்போவதில்லை. மூன்றிலும் கதை ஒன்றுதான். சாம்பல் நிறம் கேட்டிருந்தார், வந்தது பச்சை. பின்கதவு ஒன்று மூடாது. உள்ளேயிருந்து ஒருவர் பிடித்து இழுக்க வேண்டும். மதுரையிலிருந்து வரும் வழியிலேயே இன்ஜின் கொதித்து, திருமங்கலத்தில் ஒரு டீக்கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். ஊர் எல்லையில் தேங்காய் உடைத்து வரவேற்றார்களாம். நவம்பரில் தாத்தா விற்பனை நிலையத்துக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மூடாத கதவைப் பற்றி ஒரு சொல் இல்லை. வண்டி நல்ல நிலையில் கிடைத்தது, தங்கள் அன்புக்கு நன்றி, கூடவே தோட்டத்து எலுமிச்சம்பழம் ஒரு கூடை அனுப்பியிருக்கிறேன் என்று இருக்கிறது.

'கிடைத்தது'. இந்த வினையை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அம்மாவும் அப்படித்தான் சொல்வாள்: "எழுபத்திரண்டுலதான் கார் கிடைச்சுது." வாங்கினோம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வேலை கிடைத்தது, வரன் கிடைத்தது, தரிசனம் கிடைத்தது என்பதுபோல் கார் கிடைத்தது. முழு விலை கொடுத்தவர் அந்த வாக்கியத்தில் எழுவாயாகக்கூட இல்லை.

இந்த வரிசையை ஒழிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்ததுதான் மாருதி. அதன் முதல் அவதாரம் 1971இல் சஞ்சய் காந்தி தொடங்கிய கம்பெனி. ஆண்டுக்கு 50,000 சிறிய கார்கள் என்பது திட்டம். கார் உருவாகும் முன்பே நாடெங்கும் விற்பனை முகவர்களிடமிருந்து வைப்புத் தொகை வாங்கப்பட்டது. முகவர்கள் கடை கட்டினார்கள், பெயர்ப் பலகை மாட்டினார்கள், கார் வரவேயில்லை. நெருக்கடி நிலைக்குப் பிறகு ஜனதா அரசு அமைத்த நீதிபதி ஏ.சி. குப்தா ஆணையம் இதையெல்லாம் விசாரித்து 1979இல் அறிக்கை தந்தது. வாடிக்கையாளரை ஆண்டுக்கணக்கில் வாசலில் நிறுத்திவைத்த வணிகர் குலமே ஒருமுறை வாசலில் நிறுத்திவைக்கப்பட்டது என்று படித்தபோது, எனக்கு அற்பமான ஒரு திருப்தி ஏற்பட்டதை மறைக்கவில்லை.

இரண்டாம் அவதாரம் வேறு. 1980இல் அரசு கம்பெனியைக் கையகப்படுத்தியது; 1981இல் மாருதி உத்யோக் உருவாயிற்று; 1982இல் ஜப்பானின் சுசுகியுடன் ஒப்பந்தம். இதை நடத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் வி. கிருஷ்ணமூர்த்தி, தஞ்சை மாவட்டத்துக் கருவேலி கிராமத்தில் பிறந்து, அதற்கு முன் 'பெல்' நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். 2022இல் மறைந்தார். 1983 ஏப்ரலில் பதிவு தொடங்கியது. முன்பணம் 10,000 ரூபாய். இரண்டே மாதத்தில் ஏறத்தாழ 1,35,000 பேர் பணம் கட்டினார்கள். எழுபதுகளில் நாட்டின் மூன்று கம்பெனிகளும் சேர்ந்து ஓர் ஆண்டில் செய்த கார்கள் ஐம்பதாயிரத்தைத் தொடவில்லை என்பதை நினைத்தால் இந்த எண்ணிக்கையின் கனம் விளங்கும். முன்னுரிமையை முடிவு செய்யக் கணினி வழியே குலுக்கல் நடந்தது. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் காரின் சாவியை வழங்கினார்.

அந்தக் குலுக்கலைப் பற்றி ஒரு வார்த்தை. கணினி என்றால் என்ன என்று தெரியாத நாடு, தன் முறையைத் தீர்மானிக்கும் உரிமையை அதனிடம் ஒப்படைத்து நிம்மதிப் பெருமூச்சு விட்டது. காரணம் எளிது: அதற்கு மாமனும் மச்சானும் இல்லை. வரிசை ஒழியவில்லை. காத்திருக்கும் காலம் ஆண்டுகளாகவே இருந்தது. ஒதுக்கீடு பெற்ற கார்கள் பிரீமியத்துக்குக் கைமாறின. ஆனால் இடம் இன்னதென்று தெரிந்த வரிசையில் நிற்பதற்கும் தெரியாத வரிசையில் நிற்பதற்கும் வேறுபாடு உண்டு. பென்சிலால் வகுத்தல் கணக்குப் போட்டவரின் பேத்தி என்பதால் எனக்கு அது புரிகிறது.

ஸ்கூட்டர் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. மகன் பிறந்ததும் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்தால் அவன் பள்ளிக்கூடம் போகும்போது வண்டி வரும் என்பார்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் டாலரில் பணம் அனுப்பினால் உடனே வரும். எங்கள் தெருவில் துபாய்க்காரர் வீட்டில் அப்படித்தான் வந்தது.

1993இல் கார்த் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை என்றானது. வெளிநாட்டுக் கம்பெனிகள் திரும்பி வந்தன. ஶ்ரீபெரும்புதூரிலும் மறைமலைநகரிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. பழைய மூவரில் சென்னை ஸ்டாண்டர்ட் அதற்கு முன்பே, 1988இல், மூடப்பட்டிருந்தது. விற்பவர் பலராகிவிட்டார்கள், இனி வாங்குபவர் 'கொடு' என்பார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடந்தது அவ்வளவு நேராக இல்லை. பிரீமியரும் ஃபியட்டும் சேர்ந்து 1990களின் நடுவில் யூனோ காருக்குப் பதிவு தொடங்கியபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டினார்கள். தொழிலாளர் போராட்டத்தில் தயாரிப்பு முடங்கியது. மிகப் பெரும்பாலோருக்குக் கார் வரவில்லை. பலர் முன்பணத்தைத் திரும்பக் கேட்டு அலைந்தார்கள்.

இதற்கிடையில் புகார் செய்ய ஓர் இடம் பிறந்திருந்தது. 1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வழக்கறிஞர் இல்லாமலே சாதாரண மனிதர் வழக்காட வழி செய்தது. அதன் கீழ் வந்த வழக்குகளில் ஒன்றை நான் மறப்பதில்லை. பிரீமியரின் டீசல் கார் ஒன்றை வாங்கியவர், அது தொடக்கத்திலிருந்தே பழுது என்று வழக்காடி, உச்ச நீதிமன்றம் வரை போனார். 2004இல் வந்த தீர்ப்பில், பழுதுள்ள காரைப் புத்தம் புதிய கார் என்று விற்க முற்பட்டதே வெட்கக்கேடு என்று நீதிமன்றம் சாடியது. விற்ற பிறகு குறையை ஒப்புக்கொண்டு சரிசெய்யாமல் இழுத்தடித்ததையும் கண்டித்தது. கம்பெனிக்கு எத்தனை ஆதாயம் நியாயம் என்று 1971இல் கணக்கிட்ட அதே நீதிமன்றம்தான் இது. வாங்கியவர் பக்கம் அதன் பார்வை திரும்ப முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இனி என் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 2022இல் நான் ஒரு சிறிய கார் வாங்கினேன். சிப் பற்றாக்குறையால் உலகெங்கும் கார்கள் தாமதமான சமயம். கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமும் காபியும் உள்ள ஷோரூம். "சார் வரலையா மேடம்?" என்பதுதான் முதல் கேள்வி. பணம் என்னுடையது, ஓட்டப்போவது நான் என்று சொன்ன பிறகும், மைலேஜ் விவரத்தை என்னுடன் வந்த தம்பியைப் பார்த்தே விளக்கினார்கள். விலைப் பட்டியலில் 'கையாளும் கட்டணம்' என்று ஒரு வரி. எதைக் கையாளுகிறீர்கள் என்று கேட்டதற்கு, எல்லோரும் கட்டுகிறார்கள் என்பது பதில். இன்ஷூரன்ஸை எந்த நிறுவனத்திலும் எடுத்துக்கொள்ள வாங்குபவருக்கு உரிமை உண்டு. வெளியே சில ஆயிரங்கள் குறைவாகவே கிடைத்தது. "எடுத்துக்கலாம் மேடம், டெலிவரி கொஞ்சம் தள்ளிப்போகும்" என்றார் மேலாளர், சிரித்துக்கொண்டே. இரண்டு மாதம் என்றது ஐந்தானது. கேட்ட நிறம் வரவில்லை.

நான் நுகர்வோர் மன்றம் போகவில்லை. ஐந்தாம் மாதம் போனில் நான் சொன்ன வாக்கியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க சார், புண்ணியமாப் போகும்." தொல்காப்பியம் நடத்துகிறவள் சொன்னது. வண்டியை எடுக்கப் போனபோது கையில் ஒரு கிலோ திருநெல்வேலி அல்வாவும் கொண்டுபோனேன். அப்போது நான் எலுமிச்சம்பழக் கூடையைப் பற்றி அறிந்திருக்கவில்லை. கோப்பு கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

சாவி கொடுத்து, மாலை போட்டு, புகைப்படம் எடுத்து முடிந்ததும் விற்பனைப் பிரதிநிதியான அந்த இளைஞர் என்னைத் தனியே அழைத்தார். எம்.பி.ஏ. படித்தவர், என் மாணவர்களின் வயது. கம்பெனியிலிருந்து போன் வரும், எல்லாக் கேள்விக்கும் பத்துக்குப் பத்து சொல்லுங்கள், ஒன்பது சொன்னாலும் என் ஊக்கத்தொகை போய்விடும் என்றார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. எனக்கு அந்தக் குரல் பழக்கமானதுதான். ஐந்து மாதமாக நான் பேசியது அதே குரலில். போன் வந்தது. பத்து என்றேன். கையாளும் கட்டணம், இன்ஷூரன்ஸ், நிறம், எல்லாவற்றுக்கும் பத்து.

தாத்தாவின் கோப்பில் இருந்த பாஸ் புத்தகத்தைத் தபால் நிலையத்தில் காட்டிக் கேட்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். கார் வந்த பிறகு, ஈட்டை விடுவித்து, முன்பணத்தை வட்டியோடு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு விற்பனை நிலையம் ஒரு சான்று எழுதித் தர வேண்டும். புத்தகத்தில் ஈடு வைத்ததற்கான முத்திரை அப்படியே இருக்கிறது. பணம் எடுத்ததற்கான பதிவு இல்லை. அம்மா புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். "அப்பா எடுக்கவே இல்லை. அதுக்கு இன்னொரு கடிதம் எழுதணுமேன்னு விட்டுட்டார்" என்றாள்.